பாமசியில் ஏன் இத்தனை கேள்வி?

மருந்து மேசை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் உப்புவெளியிலிருந்து மூதூர் வரை பல ஊர்களைச் சேர்ந்தவை. ஆனாலும் அநேகமாக எல்லாமே ஒரே இடத்தைச் சுற்றி நிற்கின்றன: வைத்தியர் எழுதிய துண்டுக்கும் வீட்டில் விழுங்கும் குளிசைக்கும் நடுவில் நேரும் தவறுகள். திருகோணமலையில் பணிபுரியும் மருந்தாளர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பிரஷருக்கும் சீனிக்கும் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து எடுக்கிறா. இருதயத்துக்குத் தனியார் விசேட வைத்தியர் ஒருவர், முழங்கால் நோவுக்கு இன்னொருவர். எல்லாமாக 11 வகை மருந்து. போன கிழமை ஒரு பாமசியில் துண்டைக் கொடுத்தால், மருந்தைத் தராமல் "வேறு என்ன குடிக்கிறா, சிறுநீரகம் எப்படி, கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தது" என்று கேட்டுக்கொண்டே நின்றார். இதெல்லாம் வைத்தியர் கேட்க வேண்டியதல்லவா? – உப்புவெளி வாசகி

பதில்: வைத்தியரும் கேட்க வேண்டும், மருந்தாளரும் கேட்க வேண்டும். உங்கள் அம்மாவின் விடயத்தில் மூன்று வைத்தியர்கள், மூன்று துண்டுகள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்திருக்க வேண்டும் என்றில்லை. மூன்று துண்டுகளும் ஒன்றாக வந்து சேரக்கூடிய ஒரே இடம் பாமசி மேசைதான். அந்த மருந்தாளர் தன் வேலையைச் செய்திருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்.

அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்கிறோம். முதலாவது, ஒரே மருந்து இரண்டு பெயரில் வருவது. கிளினிக்கில் லொசார்ட்டன் 50 மி.கி. சிறிய கடதாசி உறையில் பொதுப் பெயரோடு கிடைக்கும். விசேட வைத்தியர் அதே லொசார்ட்டனை ஒரு கம்பனிப் பெயரில் எழுதியிருப்பார். ஒன்று வெள்ளை, மற்றது பச்சை. வீட்டில் இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்துப் போடுவார்கள். காலையில் கட்டிலால் எழும்பும்போது தலை சுற்றும், பொட்டாசியம் ஏறும், ஒருநாள் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும். "வயசு போனால் தலை சுற்றும்தானே" என்று விட்டுவிடுகிற இடத்தில் கனதரம் இருப்பது இந்த இரட்டைக் குளிசைதான்.

இரண்டாவது, முழங்கால் நோவுக்கு எழுதிய டைக்ளோபெனாக். லொசார்ட்டனோடும் சிறுநீர் போக்கும் குளிசையோடும் அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தாலும் அடி. மூன்றாவது, இருதயத்துக்குக் குளொபிடோகிரெல் எடுப்பவருக்கு வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் கொடுப்பது. ஈரலில் குளொபிடோகிரெல் வேலைசெய்யும் வடிவுக்கு மாறுவதை ஒமெப்ரசோல் குறைத்துவிடும். அதற்குப் பதிலாக பன்டோப்ரசோல் தரலாமா என்று மருந்தாளர் வைத்தியரிடம் கேட்பார். நான்காவது, சீனிக்குத் தரும் மெட்போமின். சிறுநீரகம் வடிகட்டும் அளவு (அறிக்கையில் eGFR) 45 இற்குக் கீழே போனால் அதன் அளவை மீளப் பார்க்க வேண்டும், 30 இற்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். இரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்டதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு: தேவை முடிந்தும் தொடரும் மருந்து. இரண்டு கிழமைக்கு என்று தொடங்கிய வயிற்றெரிவுக் குளிசை நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். யார் நிறுத்துவது என்று எவருக்கும் தெரியாது.

நோயாளியின் பலனுக்கு மருந்தாளரும் பொறுப்பாளி என்ற கருத்தை 1990 இல் அமெரிக்காவில் ஹெப்லர், ஸ்ட்ராண்ட் என்ற இருவர் தெளிவாக எழுதி வைத்தார்கள். அதன்பின் பல நாடுகளில் இது முறையான சேவையாகவே நடக்கிறது. நம் ஊரில் அதை நீங்களே கேட்டு வாங்கலாம். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போடுங்கள். கண் துளி மருந்து, இன்ஹேலர், சித்த மருந்து, விற்றமின், பக்கத்து வீட்டு அக்கா தந்த நோக் குளிசை, எல்லாம் உள்ளே வர வேண்டும். உறையிலிருந்து கழற்றாமல் கொண்டுபோங்கள். கிளினிக் கொப்பியும் கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கையும் கூடவே இருக்கட்டும். கிளினிக் முடிந்து சனம் வரும் நேரத்தில் போகாமல் பின்னேரம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் போனால் ஆறுதலாகப் பார்ப்பார்.

அவரிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டியது ஒரு தாள். மருந்தின் பொதுப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எதற்காக, யார் எழுதியது, எப்போது தொடங்கியது. பிரச்சினை ஏதும் கண்டால் வைத்தியருக்கு ஒரு குறிப்பு எழுதித் தருவார், அதைக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். தானாக எந்த மருந்தையும் அவர் நிறுத்தமாட்டார், நீங்களும் நிறுத்தக் கூடாது. அற்றெனலோல், பிசொப்ரலோல் போன்ற பிரஷர், இருதயக் குளிசைகளைத் திடீரென நிறுத்தினால் இருதயத் துடிப்பு எகிறும், நெஞ்சு நோ வரும். தாளைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் இரவில் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் கையில் இருக்கும்.

கேள்வி: வாப்பா நாளுக்கு இரண்டு தரம் இன்சுலின் போடுகிறார். இங்கே தட்டுப்பாடு வந்தபோது மச்சான் சென்னையிலிருந்து சில போத்தல்களும் ஊசிகளும் கொண்டுவந்தார். பிரிட்ஜ் அடிக்கடி பழுதாகிறது. எப்படிப் பாதுகாப்பது? – கிண்ணியா வாசகர்

பதில்: பிரிட்ஜைப் பற்றிப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஊசிகளை எடுத்து மூடியின் நிறத்தைப் பாருங்கள்.

இந்தியாவில் ஒரு மில்லிலீற்றரில் 40 அலகு உள்ள இன்சுலின் போத்தல்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. அவற்றுக்கான ஊசி சிவப்பு மூடியோடு வரும், கோடுகள் 40 வரை இருக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் தரப்படுவது ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு. அதற்குரிய ஊசியின் மூடி செம்மஞ்சள் நிறம். ஒன்றுக்கு மற்றதை மாற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாப்பாவுக்கு 20 அலகு. ஆஸ்பத்திரி இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லிலீற்றர். அதில் இருப்பது 50 அலகு. இரண்டரை மடங்கு. இரவு போட்டுவிட்டுப் படுத்தால் விடிய எழும்பாமல் போகக்கூடும். மறுவளமாக, சென்னைப் போத்தலைச் செம்மஞ்சள் மூடி ஊசியில் 20 வரை இழுத்தால் 8 அலகுதான் போகும். சீனி 300, 400 என்று ஏறும், யாருக்கும் காரணம் விளங்காது.

போத்தலையும் ஊசியையும் ஒன்றாகக் கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். இரண்டு வகையையும் ஒரே வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து.

இனிப் பாதுகாப்பு. திறக்காத போத்தல் 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். பிரிட்ஜின் நடுத்தட்டு நல்லது. பின்சுவரோடு ஒட்டியோ ஐஸ் அறைக்குக் கீழேயோ வைத்தால் உறைந்துவிடும். உறைந்த இன்சுலின் இளகிய பிறகு பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யாது, எறிந்துவிடுங்கள். பாவனையிலுள்ள போத்தலை 30 பாகைக்குக் குறைந்த இடத்தில் நான்கு கிழமை வைத்திருக்கலாம். வைகாசி தொடங்கி ஆவணி வரை கிண்ணியாவில் மத்தியானம் 30 இற்குள் நிற்காதே என்பீர்கள். அப்போது மண்பானை முறை நன்றாக உதவும். பெரிய சட்டி ஒன்றில் ஆற்று மணல் பரப்பி, அதற்குள் சிறிய முட்டி ஒன்றை இறக்கி, இடைவெளியையும் மணலால் நிரப்புங்கள். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளியுங்கள். போத்தலை ஒரு பொலித்தீன் பையில் கட்டிச் சிறிய முட்டிக்குள் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் வைத்தால்தான் குளிரும், அலுமாரிக்குள் வைத்துப் பிரயோசனமில்லை. போத்தலைத் திறந்த திகதியை லேபலில் எழுதிவிடுங்கள்.

வாப்பாவின் இன்சுலின் பால் போல் கலங்கிய வகையானால், போடுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக 10 தரம் உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரை வந்து அளவு பிழைக்கும். உருட்டிய பிறகும் அடியில் கட்டியோ போத்தல் சுவரில் உறைபனி போன்ற படலமோ இருந்தால் பாவிக்க வேண்டாம். தெளிந்த வகையானால் அது தண்ணீர் போல் இருக்க வேண்டும், கலங்கினால் பழுது.

வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் சீனி பாருங்கள், 70 இற்குக் கீழே என்றால் திரும்பவும் கொடுங்கள், பிறகு சாப்பாடு. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 1990 அம்புலன்சை அழையுங்கள்.

கேள்வி: மகளுக்கு 3 வயது, 12 கிலோ. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் பாணி எத்தனை தேக்கரண்டி கொடுக்கலாம்? – தம்பலகாமம் வாசகி

பதில்: தேக்கரண்டியை மறந்துவிடுங்கள். வீட்டுக் கரண்டி ஒன்று 3 மி.லீ. கொள்ளும், இன்னொன்று 7 கொள்ளும். பாமசியில் ஊசி இல்லாத 5 மி.லீ. அல்லது 10 மி.லீ. சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள், சில ரூபாய்தான்.

குழந்தையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு தடவைக்கு 15 மி.கி. வரை. 12 கிலோவுக்கு 180 மி.கி. போத்தலில் "5 மி.லீ. இல் 120 மி.கி." என்றிருந்தால் 7.5 மி.லீ. வரும். ஆனால் பெரிய பிள்ளைகளுக்கான பாணியில் 5 மி.லீ. இல் 250 மி.கி. இருக்கும். அதில் 7.5 மி.லீ. கொடுத்தால் 375 மி.கி., இரண்டு மடங்குக்கு மேல். கைக்குழந்தைகளுக்கான துளி மருந்து இன்னும் செறிவானது. ஆகவே போத்தலை மாற்றும்போதெல்லாம் லேபலை வாசித்துக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். தடிமன் மருந்து சிலவற்றிலும் பரசிட்டமோல் ஒளிந்திருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

2017 இல் டெங்கு கிண்ணியாவையும் திருகோணமலை நகரையும் எப்படி வாட்டியது என்று மறந்திருக்க மாட்டீர்கள். காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் மட்டும். இபுபுரோபென், மெபனமிக் அசிட், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எதுவும் கூடாது. மலவாசலில் வைக்கும் மருந்தாக இருந்தாலும் கூடாது. டெங்கு என்றால் இவை இரத்தப் பெருக்கைக் கூட்டும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு நொந்தால், சத்தி நிற்காவிட்டால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்கில் ஆபத்தான நேரம், "காய்ச்சல் விட்டுட்டுது" என்று ஆறுதல்படும் நேரம் அல்ல.

கேள்வி: கடற்றொழில் செய்கிறேன். வலை இழுத்து நாரி நோ. டைக்ளோபெனாக் 50 போட்டால்தான் வேலைக்குப் போகலாம். பிரஷர் குளிசையும் போடுகிறேன். இரண்டு கடையில் வாங்கலாம், மூன்றாவது கடையில் துண்டு கேட்டு மறுத்துவிட்டார்கள். – நிலாவெளி வாசகர்

பதில்: மறுத்தவர் உங்கள் சிறுநீரகத்தை நினைத்து மறுத்திருக்கிறார்.

வெயிலில் ஏழெட்டு மணித்தியாலம் வியர்வை சிந்தும்போது உடலில் நீர் குறையும். அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது உடலில் சுரக்கும் ஒரு பொருள். டைக்ளோபெனாக் அந்தப் பொருளையே தடுக்கிறது. பிரஷர் குளிசை லொசார்ட்டன் அல்லது எனலாப்ரில் என்றால் வடிகட்டியின் மறுபக்கக் குழாயும் தளர்ந்துவிடும், வடிகட்டும் அழுத்தம் விழும். நோ தெரியாமலே சிறுநீரகம் கெடும். அதோடு டைக்ளோபெனாக் பிரஷரைக் கூட்டும், வயிற்றில் புண் போடும். மலம் தார் போல் கறுப்பாகப் போனால் ஒரு நாளும் பொறுக்காதீர்கள்.

பரசிட்டமோல் 500 மி.கி. இரண்டு குளிசை, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளில் 8 இற்கு மேல் இல்லை. ஈரல் வருத்தம் இருந்தால், மது குடித்தால், எடை 50 கிலோவுக்குக் குறைவென்றால் அளவு குறைய வேண்டும், மருந்தாளரிடம் சொல்லிக் கேளுங்கள். நோவுள்ள இடத்தில் டைக்ளோபெனாக் ஜெல் பூசலாம், உடலுக்குள் போகும் அளவு மிகக் குறைவு. ஆறு கிழமைக்கு மேல் நோ இருந்தால், அல்லது கால் விறைத்தால் வைத்தியர் பார்க்க வேண்டும். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை ஒன்றும் இந்த மாதமே செய்துவிடுங்கள்.

கேள்வி: மாமிக்கு முட்டு (ஆஸ்துமா) வருத்தம். கிளினிக்கில் தந்த கப்சியூலை மூன்று மாதமாகக் குடிக்கிறா, சுகமில்லை. – சாம்பல்தீவு வாசகி

பதில்: குடிக்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கப்சியூல் விழுங்குவதற்கல்ல. உள்ளே இருக்கும் பொடி நேரே நெஞ்சுக்குள் போக வேண்டும். அதற்குரிய கருவியில் கப்சியூலைச் செருகி, திருகி உடைத்து, முதலில் மூச்சை முழுதாக வெளியே விட்டு, பிறகு வாயை இறுக வைத்து வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து, 10 செக்கன் அடக்க வேண்டும். கருவிக்குள் பொடி மிச்சமிருந்தால் திரும்பவும் இழுக்க வேண்டும். ஸ்ரிரொயிட் வகையானால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெண்படலம் பிடிக்கும். மாமியை ஒரு மருந்தாளருக்கு முன்னால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்கியதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், செய்து காட்டும்போதுதான் பிழை தெரியும். பெரிய கருவிகளை விட இந்த ஒரு நிமிடம் பெறுமதி.

கேள்வி: நோன்பு காலத்தில் சீனி மருந்தை எப்படி மாற்றுவது? கடையில் கேட்டால் "டொக்டரிடம் போங்கள்" என்கிறார்கள். – மூதூர் வாசகர்

பதில்: டொக்டரிடம் போகத்தான் வேண்டும், ஆனால் றமழான் பிறந்த பிறகல்ல. ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன்பே போங்கள். பொதுவாக மாற்றும் முறை இது. மெட்போமின் நாளுக்கு இரண்டு தரம் என்றால் இப்தாருக்கும் சஹருக்கும் ஒவ்வொன்று. மூன்று தரம் என்றால் மத்தியானக் குளிசை இப்தாரோடு சேரும். கிளிக்லசைட் போன்ற, சீனியைத் தாழ்த்தும் குளிசைகளில் பெரிய பங்கு இப்தாருக்குப் போகும், சஹர் பங்கு குறைக்கப்படும். கலங்கிய இன்சுலினும் அப்படித்தான்: வழமையான காலை அளவு இப்தாருக்கும், மாலை அளவில் ஏறக்குறைய பாதி சஹருக்கும். எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் சீனி அளவைப் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.

விரலில் குத்திச் சீனி பார்ப்பது நோன்பை முறிக்காது என்பது உலமாக்களின் பொதுவான கருத்து. ஆகவே அஸருக்குப் பிறகு கட்டாயம் ஒருமுறை பாருங்கள், அந்த நேரத்தில்தான் அதிகம் தாழும். 70 இற்குக் கீழேயோ 300 இற்கு மேலேயோ போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும், மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்றாலும். முதலாம் வகை நீரிழிவுக்காரர், சீனியுள்ள கர்ப்பிணித் தாய்மார், சிறுநீரகம் பாதித்தவர்கள் நோற்காதிருப்பதே பாதுகாப்பு.

கேள்வி: சித்த மருந்தும் இங்கிலீஷ் மருந்தும் அரை மணித்தியாலம் இடைவெளி விட்டுப் போட்டால் போதும்தானே? – ஆலங்கேணி வாசகர்

பதில்: சிலவற்றுக்குப் போதும், பலவற்றுக்குப் போதாது. அதிமதுரம் நாட்கணக்கில் எடுத்தால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும். இடைவெளி விட்டாலும் ஏறும். பாகற்காய், வெந்தயச் சூரணங்கள் சீனியைக் குறைக்கும், கிளிக்லசைட்டோடு சேர்ந்தால் அளவுக்கு மீறிக் குறையலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் எந்தச் சூரணத்தையும் தொடங்குமுன் சொல்ல வேண்டும், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு கூடியோ குறைந்தோ போகும். கோணேசபுரியில் சித்த மருத்துவமே பல்கலைக்கழகப் படிப்பாக இருக்கிற மாவட்டம் இது. முறையாகப் படித்த சித்த வைத்தியரிடம் உங்கள் குளிசைத் தாளைக் காட்டுங்கள், மருந்தாளரிடம் சூரணத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஏசுவார்களோ என்று மறைப்பதால் வரும் கேடுதான் அதிகம்.

கேள்வி: பிள்ளைக்குத் தந்த அன்ரிபயோட்டிக் தூளைக் கரைப்பது எப்படி? – குச்சவெளி வாசகி

பதில்: போத்தலைத் தட்டித் தூளை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைக் கோட்டில் பாதியளவு ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பிறகு கோடுவரை நிரப்பித் திரும்பக் குலுக்குங்கள். நுரையோடு அளந்தால் தண்ணீர் குறைந்து மருந்து செறிவாகிவிடும். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுக்கும். அமொக்சிசிலின் என்றால் பிரிட்ஜில் வைத்து 7 நாள், லேபலில் வேறு நாள் இருந்தால் அதன்படி. ஒவ்வொரு தரமும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். சொன்ன நாள் வரை கொடுத்துவிட்டு மிச்சத்தை ஊற்றிவிடுங்கள், அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதீர்கள். கரைக்கத் தயக்கமென்றால் பாமசியிலேயே கரைத்துத் தரச் சொல்லலாம்.

கேள்வி: தைரொயிட்டுக்குத் தரும் தைரொக்சின் குளிசையைத் தேத்தண்ணியோடு போடலாமா? – திருக்கடலூர் வாசகி

பதில்: வெறும் வயிற்றில், தண்ணீரோடு. தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் அரை முதல் ஒரு மணித்தியாலம் முன்பு. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கு 4 மணித்தியாலம் தள்ளி. இரும்புச்சத்துக் குளிசையையும் தேத்தண்ணியோடு போடாதீர்கள், சாயம் இரும்பைப் பிடித்துவைத்துவிடும். தேசிக்காய்த் தண்ணீர் நல்லது.

கேள்வி: விலை குறைந்த கம்பனிக் குளிசை வேலை செய்யுமா? இந்த முறை நிறமும் மாறிவிட்டது. – நகர வாசகர்

பதில்: பதிவுபெற்ற மருந்தென்றால் செய்யும். நிறமும் வடிவமும் கம்பனிக்குக் கம்பனி மாறும், உள்ளே உள்ள மருந்து ஒன்றுதான். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பேராசிரியர் சேனக பிபிலேயின் தலைமையில் தொடங்கியதே மருந்தைப் பொதுப் பெயரில், மக்களுக்குக் கட்டுப்படியான விலையில் கொடுக்கத்தான். அந்த எண்ணம் இன்றைக்கும் சரி. வலிப்புக்கான பெனிற்றோயின், கார்பமசெப்பின், அதோடு வார்பரின், தைரொக்சின் ஆகியவற்றில் மட்டும் கவனம்: சிறு வித்தியாசமும் பாதிக்கும், ஒரே கம்பனியிலேயே தொடருங்கள், மாற்ற நேர்ந்தால் வைத்தியருக்குச் சொல்லுங்கள். நிறம் மாறியபோது பழைய உறையில் மிச்சமிருக்கும் குளிசையையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். "நீண்டநேரம் வேலைசெய்யும்" வகைக் குளிசைகளை உடைக்கவோ அரைக்கவோ கூடாது, நாள் முழுதுக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

கேள்வி: நாங்கள் மருந்து வாங்கும் கடையில் நிற்பவர் உண்மையில் மருந்தாளர்தானா என்று எப்படி அறிவது? – அன்புவழிபுரம் வாசகர்

பதில்: சுவரைப் பாருங்கள். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதிப் பத்திரம் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்தாளர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவராக இருக்க வேண்டும். "மருந்தாளர் நிற்கிறாரா?" என்று தாராளமாகக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் வரும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள்.

கேள்வி: அம்மம்மாவுக்கு மூட்டுவாதம். உறையில் ஆங்கிலத்தில் ஏதோ சுருக்கமாகவும் சிங்களத்திலும் எழுதித் தருகிறார்கள். அவவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். – சல்லி வாசகர்

பதில்: தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சமென்றால் சூரியன், நிலா படம் கீறித் தரச் சொல்லுங்கள். சுருக்கங்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: பி.டி. (bd) என்றால் நாளுக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ். (tds) என்றால் மூன்று தரம், மேனே (mane) என்றால் காலை, நொக்ரே (nocte) என்றால் இரவு.

மூட்டுவாதம் என்று எழுதியதால் ஒன்றை உடனே பாருங்கள். உறையில் மெதொட்ரெக்சேற் என்ற பெயர் இருக்கிறதா? சிறிய மஞ்சள் குளிசையாக இருக்கும். அது கிழமைக்கு ஒருநாள் மட்டும். நாள்தோறும் போட்டால் எலும்பு மச்சை கெட்டு வாய் முழுதும் புண் வரும், உயிரும் போகலாம். எந்த நாள் என்பதை உறையில் பெரிதாக எழுதுங்கள்: "ஞாயிறு மட்டும்". போலிக் அசிட் குளிசையும் மஞ்சளாகத்தான் இருக்கும், அதை வேறு நாளில் போடச் சொல்லியிருப்பார்கள். ஆகவே இரண்டையும் வேறு வேறு டப்பாவில் வையுங்கள். மறந்துபோய் இரண்டு நாள் தொடர்ந்து போட்டுவிட்டால் அறிகுறி வரும்வரை பார்த்திருக்காமல் மீதிக் குளிசைகளோடும் உறையோடும் நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.